குன்யா போடுற வாயை மைக்ராஸ்கோப்ல பாக்குறது எப்படி, உள்ள நடக்குறதை புரிஞ்சுக்கிறது எப்படி

வெயில் லீவுல கோயில்லயும் சங்கத்துலயும் பிள்ளைங்களுக்கு தமிழ் கிளாஸ், டியூஷன்னு எடுக்குற அக்கா அண்ணன்மாருக்காகத்தான் முக்கியமா இதை எழுதுறேன், ஆனா வீட்ல குன்யா (பர்மால வெத்தலை பாக்கு மடிப்புக்கு அதான் பேரு) போடுற அப்பாவோ மாமாவோ இருக்குற யாரு வேணும்னாலும் படிக்கலாம். ரெண்டு வேலை இதுல இருக்கு. ஒண்ணு, சொந்த கன்னத்துல இருந்து கொஞ்சம் செல்லை வழிச்சு எடுத்து சாதாரண ஸ்கூல் மைக்ராஸ்கோப்ல வெச்சு, டிஎன்ஏ செல்லுக்குள்ள எங்க இருக்குன்னு கண்ணால பாக்குறது. இன்னொண்ணு, அந்த டிஎன்ஏ இருக்க வேண்டிய இடத்தை விட்டு வெளிய விழுந்தா செல்லு என்ன பண்ணும், செல்லுக்கு வயசாகுறதுன்னா என்ன, அது ரெண்டும் சேந்து எப்படி ஆறாத அழற்சியாகி (உடம்பு தன்னைக் காக்க சிவந்து வீங்குற நிலை) கடைசில கேன்சர் வரைக்கும் போகுதுன்னு புரிஞ்சுக்கிறது. முதல் வேலைக்கு அரை மணி நேரம் போதும். ரெண்டாவதுக்கு ஒரு டீயும் கொஞ்சம் பொறுமையும் வேணும்.

கன்னம் எதுக்குன்னா, ஊசி குத்த வேண்டாம், ரத்தம் வேண்டாம், லேசா தேய்ச்சாலே செல்லு வந்துடும். அதை விட பெரிய காரணம், ரங்கூன் ரோட்டுல எங்க குனிஞ்சு பாத்தாலும் சிவப்பு எச்சில் கறைதான், தெருவுக்கு நாலு குன்யா கடை, நம்ம ஆளுங்களும் அதுல ஒண்ணும் சளைச்சவங்க இல்ல. வெத்தலையில சுண்ணாம்பை பிரஷ்ஷால தடவி, பாக்கு, புகையிலை எல்லாம் வெச்சு மடிச்சு கன்னத்துல அடக்கிக்கிட்டா அந்த மருந்து... மருந்துன்னு சொல்லவே வாய் வரல, அந்த சரக்கு மணிக்கணக்கா ஒரே இடத்துல ஊறுது. டிஎன்ஏ உடையறதைப் பத்தி படிக்க இதை விட பக்கத்துல ஒரு இடம் நமக்கு கிடையாது.

சரி, சாமான். மைக்ராஸ்கோப் ஒண்ணு, 40 போட்ட லென்ஸ் இருக்கணும், கண்ணு வைக்கிற பக்கம் 10 இருந்தா மொத்தம் 400 மடங்கு, அது போதும். அடியில பல்பு வெச்சதை விட கண்ணாடி வெச்சது இருந்தா இன்னும் நல்லது, நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போகும்னு யாருக்கு தெரியும், கண்ணாடின்னா ஜன்னல் வெளிச்சத்துலயே வேலை முடிஞ்சுடும், ஆனா நேரா சூரியனை பாத்து மட்டும் திருப்பிடாதீங்க கண்ணு போயிடும். கண்ணாடி ஸ்லைடு, மேல மூடுற மெல்லிசு கவர் ஸ்லிப், சுத்தமான பஞ்சுக் குச்சி இல்லன்னா ஐஸ் குச்சி, டிஷ்யூ பேப்பர், கொஞ்சம் ஸ்பிரிட், ப்ளீச் தண்ணி ஒரு டப்பால. அப்புறம் சாயம். மெத்திலீன் ப்ளூன்னு கேளுங்க, லேப் சாமான் கடைல இல்லன்னா வளர்ப்பு மீன் விக்கிற கடைல மீனுக்கு மருந்துன்னு அதே நீலத்தை சின்ன பாட்டில்ல வெச்சிருப்பாங்க. துணியில பட்டா லேசுல போகாது, அதனால பிள்ளைங்களை வெள்ளை சட்டைல வரச் சொல்லாதீங்க. இந்த சாயத்தை யாரும் வாயில வைக்கக் கூடாது, ஸ்லைடுக்கு மட்டும்தான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தண்ணி வெச்சு நல்லா கொப்பளிக்கணும். குன்யா போடுறவங்கன்னா நாலஞ்சு தடவை, இல்லன்னா ஸ்லைடு பூரா பாக்குத் தூளும் சுண்ணாம்பு மணியுமா செல்லே தெரியாது. அப்புறம் கன்னத்து உள்பக்கம், அழுத்தாம, ஒரு பத்து தடவை வழிச்சு அதை தூக்கிப் போட்டுட்டு, புதுக் குச்சியில மறுபடி வழிங்க. முதல்ல வர்றது ஏற்கனவே செத்து உதிரக் காத்திருக்கிற செல்லு, ரெண்டாவதுல வர்றதுதான் பாக்க லாயக்கு. அவங்கவங்க வாயை அவங்கவங்களே வழிக்கணும், ஒருத்தர் குச்சியை இன்னொருத்தர் தொடக் கூடாது, ஹெப்படைட்டிஸ் பி மாதிரி விஷயமெல்லாம் இருக்கு, இதுல மட்டும் சிரிச்சுக்கிட்டே விட்டுடாதீங்க. குச்சியும் பாத்து முடிச்ச ஸ்லைடும் நேரா ப்ளீச் தண்ணிக்குள்ள.

ஸ்லைடுல நடுவுல குச்சியை உருட்டி மெல்லிசா தடவுங்க, கெட்டியா அப்பினா செல்லு மேல செல்லு ஏறி ஒண்ணும் புரியாது. காத்துல காய விடுங்க. காஞ்சதும் ஸ்பிரிட் ரெண்டு சொட்டு விட்டு அதையும் காய விட்டா செல்லு கண்ணாடியில ஒட்டி நிக்கும். இப்ப நீலம் ஒரு சொட்டு, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம், அப்புறம் தண்ணியில மெதுவா அலசி ஓரத்துல டிஷ்யூவால ஒத்தி எடுத்து, ஒரு சொட்டு தண்ணி விட்டு கவர் ஸ்லிப்பை சாய்ச்சு இறக்குங்க, தட்டையா போட்டா காத்துக் குமிழி மாட்டிக்கும், பிள்ளைங்க அந்த குமிழியத்தான் முதல்ல பாத்து செல்லு செல்லுன்னு கத்துவாங்க. கறுப்பு ஓரம் போட்டு பளபளன்னு அச்சா வட்டமா தெரிஞ்சா அது காத்து.

முதல்ல 4, அப்புறம் 10, கடைசியா 40. 40 வந்தப்புறம் பெரிய திருகைத் தொடாதீங்க, லென்ஸ் கண்ணாடியை உடைச்சிடும், சின்ன திருகு மட்டும். வெளிர் நீலத்துல கோணல்மாணலா அப்பளம் மாதிரி தட்டையா கிடக்குறதுதான் கன்னத்து செல்லு. நடுவுலயோ கொஞ்சம் ஓரமாவோ அடர் நீலமா ஒரு உருண்டை, அதுதான் நியூக்ளியஸ். அந்தப் பொட்டுக்குள்ள 46 குரோமோசோம், எல்லாத்தையும் பிரிச்சு நீட்டினா கிட்டத்தட்ட 2 மீட்டர் நீள டிஎன்ஏ. செல்லு மேல தூவி விட்ட மாதிரி சின்னச் சின்ன புள்ளியா இருக்கிறது பாக்டீரியா, எல்லார் வாயிலயும் இருக்கும், பயப்பட வேண்டாம். ஃபோன் கேமராவை கண்ணு வைக்கிற குழாய்ல ஒட்டிப் பிடிச்சா படம் கூட எடுக்கலாம்.

இதுல பிள்ளைங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது ஒண்ணுதான்: டிஎன்ஏ இருக்குற இடம் அந்த உருண்டை. செல்லுக்கு சக்தி குடுக்குற மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள கொஞ்சூண்டு தனியா இருக்கு, அது இந்த லென்ஸ்ல தெரியாது. மத்தபடி உருண்டைக்கு வெளிய இருக்குற வெளிர் நீல மைதானத்துல டிஎன்ஏவுக்கு இடமே கிடையாது. இதை கண்ணால பாத்துட்டா மீதிக் கதை பாதி புரிஞ்ச மாதிரி.

இப்ப வெளிய விழுந்த டிஎன்ஏவுக்கு வருவோம். சில செல்லுல பெரிய உருண்டைக்குப் பக்கத்துல அதே நிறத்துல ஒரு குட்டி உருண்டை இருக்கும், மைக்ரோநியூக்ளியஸ்னு பேரு. செல்லு ரெண்டா பிரியும்போது குரோமோசோமெல்லாம் ரெண்டு பக்கமும் சரியா இழுபட்டுப் போகணும், உடைஞ்ச துண்டோ பிடி கிடைக்காத முழு குரோமோசோமோ நடுவழியில நின்னு போச்சுன்னா, அதைச் சுத்தி தனியா ஒரு சவ்வு மூடிக்கும், அதான் இது. 1980கள்ல கனடா வான்கூவர்ல இருந்த ஹான்ஸ் ஸ்டிக்னு ஒரு விஞ்ஞானி வெத்தலை பாக்கு போடுறவங்க கன்னத்து செல்லுல இதை எண்ணிப் பாத்தாரு, போடாதவங்கள விட இவங்க வாயில இது அதிகம்னு 1982லயே எழுதிட்டாரு. அதுக்கு அவருக்கு வேண்டி இருந்தது ஒரு குச்சியும் மைக்ராஸ்கோப்பும் சாயமும்தான், அதான் எனக்கு இந்த ஆராய்ச்சி மேல ஒரு தனி மரியாதை.

அதை அடையாளம் பாக்குறதுக்கு சில கட்டுப்பாடு இருக்கு. பெரிய நியூக்ளியஸ்ல மூணுல ஒரு பங்குல இருந்து பதினாறுல ஒரு பங்கு வரைக்கும்தான் அகலம் இருக்கணும், வட்டமாவோ முட்டை வடிவமாவோ இருக்கணும், நிறமும் உள்ள இருக்குற சொரசொரப்பும் பெரியது மாதிரியே இருக்கணும், பெரியது தெளிவா தெரியும்போது அதே ஃபோகஸ்ல இதுவும் தெளிவா தெரியணும். சின்ன திருகை ஒரு இழை திருப்பினா அது மட்டும் தனியா மேல வருதுன்னா அது செல்லு மேல உக்காந்திருக்குற பாக்டீரியாவோ சாயத் தூசியோ. இன்னொண்ணும் மறைக்காம சொல்லிடுறேன், மெத்திலீன் ப்ளூ டிஎன்ஏவுக்கு மட்டும் பிடிக்கிற சாயம் கிடையாது, கண்டதையும் நீலமாக்கும், லேப்ல இதுக்குன்னு ஃபியூல்கன்னு டிஎன்ஏவை மட்டும் பிடிக்கிற சாயம் போட்டு ஆயிரம் ரெண்டாயிரம் செல்லு எண்ணுவாங்க. நல்ல ஆரோக்கியமான வாயில ஆயிரம் செல்லுக்கு ஒண்ணு தேறினாலே பெரிசு. அதனால நீங்க கிளாஸ்ல நாப்பது செல்லு பாத்துட்டு ஒண்ணு கிடைச்சுதுன்னு ஒருத்தரை பயமுறுத்தவும் கூடாது, ஒண்ணும் கிடைக்கலன்னு ஒருத்தரை தைரியப்படுத்தவும் கூடாது. இது படிக்கிறதுக்கான வேலை, நோய் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்ல. மாமா கேட்டா இதையே சொல்லுங்க.

ஒரு சமாச்சாரம் எனக்கு ரொம்ப பிடிக்கும். நீங்க வழிச்சு எடுத்த செல்லு மேல் தட்டுல இருக்கிறது, அது பிறந்தது அடித் தட்டுல, அங்க இருந்து மேல வர ஒண்ணுல இருந்து மூணு வாரம் ஆகும். அப்ப இன்னிக்கு ஸ்லைடுல பாக்குற சேதம் போன ரெண்டு மூணு வாரத்துல போட்ட குன்யாவோட கணக்கு.

வெளிய விழுந்தா என்ன, ஓரமா கிடந்துட்டு போகட்டுமேன்னு கேப்பாங்க பிள்ளைங்க. அங்கதான் விஷயமே இருக்கு. பழைய ரங்கூன் கட்டடத்துல கீழ தர்வான், வாசல் காவல்காரர், உக்காந்திருப்பாரே, அவரை நினைச்சுக்கோங்க. செல்லோட மைதானத்துலயும் ஒரு தர்வான் இருக்காரு, சிகேஸ்னு ஒரு புரதம், டெக்ஸாஸ் டல்லாஸ்ல சிஜியான் சென் அப்படிங்கிறவரோட குழு 2013ல கண்டுபிடிச்சு எழுதினது, அதுக்காக 2024ல அவருக்கு லாஸ்கர்னு மருத்துவ ஆராய்ச்சிக்கான பரிசும் குடுத்தாங்க. இந்த தர்வானுக்கு தெரிஞ்ச சட்டம் ஒண்ணே ஒண்ணு, மைதானத்துல டிஎன்ஏவைப் பாத்தா மணி அடி. ஏன்னா ஹெர்பிஸ் மாதிரி வைரஸ் வந்தா அதோட டிஎன்ஏ அங்கதான் தலைகாட்டும். டிஎன்ஏல எழுதியிருக்குற எழுத்தை அவரு படிக்கிறதில்ல, எந்த இடத்துல கிடக்குது, எவ்வளவு நீளம்னு மட்டும்தான் பாப்பாரு, அதனால வைரஸுதா நம்ம சொந்ததான்னு பிரிச்சுப் பாக்குற வித்தை அவருகிட்ட கிடையாது. (நியூக்ளியஸுக்குள்ளயும் சிகேஸ் இருக்கு, ஆனா அங்க டிஎன்ஏ சுத்தி வெச்சிருக்குற புரத உருளையே அதைக் கட்டிப் போட்டு வெச்சிருக்கு, 2020ல அது எப்படின்னு படம் போட்டே காட்டிட்டாங்க, இல்லன்னா நாள் பூரா மணிதான்.)

டிஎன்ஏவைத் தொட்டதும் சிகேஸ், செல்லுக்குள்ள இருக்குற ஏடிபி, ஜிடிபிங்கிற ரெண்டு சின்ன மூலக்கூறையும் ஒட்ட வெச்சு சிகேம்ப்னு ஒரு சின்ன மூலக்கூறு செய்யும். அது போய் ஸ்டிங்னு 2008ல தெரிய வந்த இன்னொரு புரதத்தை எழுப்பும். ஸ்டிங் எழுந்தா வைரஸ் வந்திருக்குன்னு மத்த செல்லை உஷார் படுத்துற இண்டர்ஃபெரானும், அழற்சியைக் கிளப்புற மத்த சிக்னலும் வெளிய கொட்டும், நோய் எதிர்ப்பு செல்லெல்லாம் ஓடி வரும். வைரஸ் வந்திருந்தா இது உயிரைக் காப்பாத்துற வேலை. வைரஸே இல்லாம, சொந்த டிஎன்ஏ தினம் தினம் வெளிய விழுந்துக்கிட்டே இருந்தா?

மைக்ரோநியூக்ளியஸைச் சுத்தி இருக்குற சவ்வு ரொம்ப நோஞ்சான், அடிக்கடி கிழிஞ்சு போகும், கிழிஞ்சா சிகேஸ் உள்ள பூந்துடும். 2017ல எடின்பரோவுல ஒரு குழுவும் பிலடெல்பியாவுல ஒரு குழுவும் ஒரே நேரத்துல இதை எழுதுனாங்க. கிழிஞ்ச ஒவ்வொண்ணும் மணி அடிச்சே தீரும்னு இல்ல, பல நேரம் அடிக்கிறதில்ல, மைட்டோகாண்ட்ரியாவுல இருந்து கசியிற டிஎன்ஏவும் இதே மணியை அடிக்கும். ஆனா டிஎன்ஏ இடம் மாறினா அழற்சிங்கிற மூல விஷயம் உறுதி. அதுக்கு ஒரு சோகமான சாட்சியும் இருக்கு. வெளிய விழுந்த டிஎன்ஏவை நறுக்கி அழிக்க டிரெக்ஸ்1னு ஒரு என்சைம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு, அது பிறப்புலயே பழுதான குழந்தைங்களுக்கு ஐகார்டி கூட்டியேர்னு ஒரு நோய் வருது, எந்தக் கிருமியும் இல்லாமலே உடம்பு வைரஸோட சண்டை போடுற மாதிரி இண்டர்ஃபெரானைக் கொட்டும், மூளை பாதிக்கும்.

இனி வயசாகுறது. செல்லுக்கு வயசாகுறதுன்னா மனுஷனுக்கு நரைக்கிற மாதிரி மெதுவா நடக்குற சமாச்சாரம்னு நினைக்காதீங்க, இது ஒரு முடிவு, செல்லு இனிமே பிரிய மாட்டேன்னு நின்னுடுறது. 1961ல லியோனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெடும் மனுஷ செல்லை கண்ணாடித் தட்டுல வளத்துப் பாத்து, சுமாரா 40ல இருந்து 60 தடவை பிரிஞ்சதுக்கு அப்புறம் நின்னு போகுதுன்னு காட்டினாங்க. குரோமோசோம் நுனியில டெலோமியர்னு ஒரு பகுதி ஒவ்வொரு தடவையும் தேய்ஞ்சு போறது ஒரு காரணம், அந்த நுனி ஆராய்ச்சிக்குத்தான் 2009ல எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டக் மூணு பேருக்கு நோபல். ஆனா தேயற வரைக்கும் காத்திருக்கணும்னு அவசியமில்ல, டிஎன்ஏ பலமா அடி வாங்கினாலும், கேன்சரைத் தூண்டுற ஜீன் ஒண்ணு முறுக்கிக்கிட்டாலும் இளம் செல்லு கூட அன்னிக்கே நின்னுடும். பி53, பி16னு ரெண்டு புரதம்தான் பிரேக் பிடிக்கிறது.

இது நல்லதுதான்னு முதல்ல சொல்லிக் குடுங்க. டிஎன்ஏ கெட்டுப் போன செல்லு பிரியாம நின்னா கேன்சர் அங்கயே முடிஞ்சுது. உங்க கையில கன்னத்துல இருக்குற சாதாரண மச்சம் நிறைய அப்படி நின்னு போன செல்லுங்கதான், கேன்சர் ஜீன் மாறியே இருக்கும், ஆனா வளராம வருஷக்கணக்கா சும்மா இருக்கும். குழப்பம் அதுக்கு அப்புறம்தான். நின்ன செல்லு சாகாது, வாயையும் மூடாது. இண்டர்லூக்கின் 6, இண்டர்லூக்கின் 8னு அழற்சியைக் கிளப்புற சிக்னல், செல்லைச் சுத்தித் தாங்குற நார் வலையை அரிக்கிற என்சைம், வளர்ச்சியைத் தூண்டுற புரதம்னு கலந்து கட்டி வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். ஜூடித் கம்பிசிங்கிற அம்மா 2008ல தன் குழுவோட இதை விரிவா எழுதினாங்க, 2024ல காலமாகிட்டாங்க, செல் முதுமையைப் பத்தி பேசணும்னா அவங்க பேரை விட்டுட்டு பேச முடியாது.

அப்ப அந்த செல்லை இப்படி கத்த வைக்கிறது யாருன்னு தேடுனா மறுபடியும் நம்ம தர்வான். வயசான செல்லுல நியூக்ளியஸோட உள் சுவரைத் தாங்குற லாமின் பி1ங்கிற புரதம் குறைஞ்சு போகுது, சுவரு தளந்து டிஎன்ஏ துண்டு துண்டா மைதானத்துக்குள்ள பிதுங்கி விழுது, அதே நேரத்துல நறுக்கி அழிக்கிற டிரெக்ஸ்1ம் குறையுது. சிகேஸ் பாக்குது, ஸ்டிங் எழுது, அழற்சி சிக்னல் ஓயாம வெளிய போகுது. 2017ல மூணு நாலு குழு தனித்தனியா இதே பதிலுக்கு வந்து சேந்தாங்க. ஆக வயசான செல்லும் இடம் மாறின டிஎன்ஏவும் ஒரே கதையோட ரெண்டு முனை. டிஎன்ஏ உடைஞ்சா செல்லு நிக்குது, நின்ன செல்லு டிஎன்ஏவைக் கசிய விடுது, கசிஞ்சது அழற்சி, அழற்சியில வர்ற ஆக்ஸிஜன் கழிவு பக்கத்து செல்லோட டிஎன்ஏவை உடைக்குது, அதுவும் நிக்குது. போர்டுல இதை வட்டமா வரைஞ்சு அம்புக்குறி போடுங்க, நேர்கோடா போட்டீங்கன்னா பிள்ளைங்களுக்கு ஏன் இது நிக்காம ஓடுதுன்னு பிடிபடாது.

கேன்சர் எங்க வருதுன்னா, இந்த வட்டத்துக்குள்ள எப்பவாவது ஒரு செல்லு பிரேக்கை உடைச்சுக்கிட்டு பிரிய ஆரம்பிக்கும், பி53 கெட்டுப் போச்சுன்னா அதுக்கு வழி திறந்துடும். அக்கம்பக்கத்துல நின்ன செல்லுங்க கொட்டி வெச்ச வளர்ச்சிப் புரதமும், அரிச்சு வழி விட்ட நார் வலையும் இவனுக்கு சாதகம். பல கேன்சர் செல்லு ஸ்டிங்கை அணைச்சே வெச்சிருக்கும், மணி அடிச்சா எதிர்ப்பு செல்லு வந்து கொன்னுடும்ல. ஆனா சிலது இன்னும் கெட்டிக்காரத்தனமா, அந்த மணிச் சத்தத்தையே மாத்தி தனக்கு சாதகமா உபயோகிச்சு வேற உறுப்புக்கு பரவுறதுக்கு பழகிக்குது, 2018ல நியூயார்க்ல இருந்து சாமுவேல் பக்கூம் குழு காட்டினது இதுதான். அதனால ஸ்டிங் நல்லதா கெட்டதான்னு ஒரு வரியில பதில் சொல்லச் சொன்னா சொல்லாதீங்க. கொஞ்ச நாள் அடிச்சா காவல், வருஷக்கணக்கா அடிச்சா நாசம்.

சரி, நம்ம கன்னத்துக்குத் திரும்புவோம். பாக்குல இருக்குற அரிகோலினும், சுண்ணாம்போட காரத்துல பாக்கு கருத்து சிவக்கும்போது கிளம்புற ஆக்ஸிஜன் கழிவும் செல்லோட டிஎன்ஏவை நேரா அடிக்குது. புகையிலையில இருக்குற நைட்ரோசமின் அது மேல இன்னொரு அடி. வருஷக்கணக்கா போட்டா கன்னத்துத் தோலுக்கு அடியில நார் நாரா இறுகிப் போகுது, வாய் திறக்க முடியாம போற அந்த நோய்க்கு சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்னு பேரு, அந்த இறுகின சதையை எடுத்துப் பாத்தா அங்க வயசாகி நின்னு போன நார் செல்லு கூட்டமா இருக்கு. சிலருக்கு அது வாய் கேன்சரா மாறுது. நாப்பது வயசு மாமாவோட கன்னத்துல அந்த ஒரு இடத்துக்கு மட்டும் எழுவது வயசு ஆன மாதிரின்னு சொன்னா பிள்ளைங்க டக்குனு புரிஞ்சுக்கிறாங்க.

புகையிலை போடல, வெறும் பாக்குதான்னு சொல்ற ஆளு எல்லா வீட்லயும் ஒருத்தர் உண்டு. உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சி நிறுவனம் 2003லயே கூடிப் பேசி, 2004ல புத்தகமா போட்டது, புகையிலை இல்லாத வெத்தலை பாக்கும், வெறும் பாக்கும் கூட மனுஷனுக்கு கேன்சர் உண்டாக்கும்னு முதல் பிரிவுல வெச்சாச்சு, சிகரெட் இருக்குற அதே பிரிவு. வெத்தலை மேல எனக்கு சண்டை இல்ல, சீர்தட்டுல வெத்தலை பாக்கு வெக்காதீங்கன்னு நான் சொல்லவும் மாட்டேன், தட்டுல இருக்கட்டும், கன்னத்துல அடக்கி வெச்சுக்கிட்டு தூங்குறதைத்தான் சொல்றேன். தூங்கும்போது எச்சில் குறைவா ஊறும், சரக்கு அப்படியே ஒரே இடத்துல ராத்திரி பூரா. குறைக்கணும்னு ஆரம்பிக்கிறவங்க அந்த ராத்திரி குன்யாவை முதல்ல நிறுத்தட்டும், அப்புறம் புகையிலை, அப்புறம் பாக்கு, வாய்க்கு ஏதாவது வேணும்னா சோம்பு மெல்லலாம். ஒரேயடியா நிறுத்த முடிஞ்சா இந்த வரிசையே வேண்டாம். தலைவலி, எரிச்சல், கோபம் எல்லாம் வரும், நிக்கோட்டின் மட்டுமில்ல அரிகோலினும் மூளையில போய் வேலை பாக்குற சரக்கு. வீட்ல இருக்குறவங்க அந்த நாளுங்கள்ல கொஞ்சம் பொறுத்துக்கணும், குத்திக் காட்டினா மனுஷன் நேரா கடைக்குத்தான் போவாரு.

நடுவுல ஒண்ணு. வயசான செல்லை கொல்ற மாத்திரைன்னு ஃபேஸ்புக்குல விளம்பரம் வரும். செனோலிட்டிக்னு ஒரு வகை மருந்து ஆராய்ச்சியில இருக்கிறது நிஜம், 2015ல அமெரிக்கால டசாட்டினிப்னு ஒரு ரத்தப் புத்துநோய் மருந்தையும் குவெர்செட்டினையும் சேத்து எலிக்கு குடுத்து பாத்தாங்க, மனுஷங்க மேல சின்னச் சின்ன சோதனையும் நடக்குது. அதுக்காக டப்பால விக்கிற பவுடரை வாங்கித் தின்னுட்டு மேல குன்யாவும் போட்டா, காசுதான் கரையும்.

ஸ்லைடு வேலை முடிஞ்சு பிள்ளைங்க வீட்டுக்குப் போகும்போது வாய் பாக்குற முறையையும் சொல்லி அனுப்புங்க, மைக்ராஸ்கோப்பால கண்டுபிடிக்க முடியாததை கண்ணாடியும் டார்ச்சும் கண்டுபிடிக்கும். பல்செட் இருந்தா கழட்டிட்டு, கொப்பளிச்சுட்டு, உதட்டை மடக்கி உள்பக்கம், ரெண்டு கன்னத்தையும் விரலால இழுத்து, ஈறு, மேல் அண்ணம், நாக்கை நீட்டி மேல, ரெண்டு ஓரம், தூக்கி அடியில. குன்யாவை எந்தப் பக்கம் அடக்குவாங்களோ அந்தப் பக்கத்துல ரெட்டிப்பு நேரம் பாருங்க. குன்யா கறை துடைச்சா போகும், போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்டு மாதிரி சிவப்புத் திட்டு, ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணு, கட்டி, மரத்துப் போன இடம், காரணமில்லாம ஆடுற பல்லு, கழுத்துல நெறி கட்டினது, இதுல எது இருந்தாலும் டாக்டர்தான். அப்புறம் விரல் சோதனை, அவங்கவங்க கையில ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா நிறுத்தி முன்பல்லுக்கு நடுவுல நுழைச்சுப் பாக்கணும், மூணும் போகணும். ரெண்டுதான் போகுது, முன்னாடி சாப்பிட்ட அதே மொஹிங்கா (பர்மா மீன் நூடுல்ஸ்) காரத்துக்கே இப்ப வாய் எரியுதுன்னா, கன்னம் வெளுத்து கெட்டியா இருக்குன்னா, அது இறுக ஆரம்பிச்சிருக்கலாம். அந்த நார் இறுக்கம் நிறுத்தின உடனே இளகிடாது, ஆனா கேன்சர் வர்ற வாய்ப்பு நிறுத்தினா குறையும், 2023ல வந்த வாய் கேன்சர் தடுப்பு கையேட்டுல உலக சுகாதார அமைப்போட அதே கேன்சர் ஆராய்ச்சி நிறுவனம் இதையும் சொல்லியாச்சு.

ரங்கூன்லயும் மாண்டலேலயும் பல் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கு, மோல்மீன், பெகு பக்கம் இருக்குறவங்க முதல்ல பக்கத்து பல் டாக்டர்கிட்டயே காட்டலாம். போகும்போது எத்தனை வருஷமா போடுறாங்க, ஒரு நாளைக்கு எத்தனை, புகையிலை உண்டா, எந்தக் கன்னம், ராத்திரி அடக்குற பழக்கம் இருக்கா, புண்ணு எப்ப இருந்துன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்து அனுப்புங்க, பெரியவங்க அங்க போய் உக்காந்ததும் எப்பவாவது ஒண்ணு போடுவேன் சயாமான்னு (டாக்டரம்மான்னு) சிரிச்சு மழுப்பிடுவாங்க. சந்தேகம்னா டாக்டர் ஒரு சின்ன துண்டு சதையை மரத்துப் போற ஊசி போட்டு எடுப்பாங்க, பயாப்ஸி, அரிசி அளவுதான், கத்தி பட்டா பரவும்னு ஊர்ல சொல்றதை நம்பி மறுக்க வேண்டாம். அந்தத் துண்டை மெல்லிசா சீவி சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல அவங்க பாக்குறதும் நீங்க பாத்த அதே நியூக்ளியஸைத்தான், அளவு மாறியிருக்கா, நிறம் அடர்த்தியா இருக்கா, அடித் தட்டைத் தாண்டி செல்லு கீழ இறங்கியிருக்கான்னு. ரிப்போர்ட் வர்ற தேதியைக் கேட்டு எழுதிக்கிட்டு, வாங்கப் போறப்போ கூட ஒருத்தர் போங்க.